மலையோட்டம்: முதற் பாடம்

இங்கிலாந்தின் வடமேற்கே, கம்ப்ரியாவில், ஏரிகளும் மலைகளும் நெருங்கிக் கிடக்கும் ஒரு வட்டாரம் உண்டு. லேக் டிஸ்ட்ரிக்ட் என்பது அதன் பெயர். ஆங்குள்ளோர் மலையை 'ஃபெல்' என்பர். முற்காலத்தில் கடல் கடந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர் விட்டுச் சென்ற சொல் அது. அம்மலைகளின் மீது ஓடுவதே 'ஃபெல் ரன்னிங்'.

இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் சிகரம் 978 மீட்டர்தான். இவ்வளவுதானா என்று எண்ணிவிடாதீர்கள். சாலையோ, சமதளமோ இல்லை. புல்லும் சேறும் சரளைக் கற்களும்தாம் பாதை.

முதன்முதலாகச் செல்வோர் கெஸ்விக் நகரில் தங்குவது நலம். (எழுதுவது கெஸ்விக், உச்சரிப்பது கெஸிக்!) டெர்வென்ட்வாட்டர் ஏரியைப் படகில் கடந்தால் கேட்பெல்ஸ் குன்றின் அடிவாரத்தை அடையலாம். உயரம் 451 மீட்டர். செங்குத்தான இடங்களில் ஓட முயலாதீர்கள். கைகளை முழங்கால்களில் ஊன்றி நடந்தே ஏறுங்கள். பெரும் வீரர்களும் அவ்வாறே ஏறுகின்றனர். உண்மையான கடினம் இறங்குவதில் இருக்கிறது. அச்சத்தால் உடல் பின்னோக்கிச் சாயும். சாய்ந்தால் கால் வழுக்கும். சிறு அடிகளாக வைத்து, சில அடிகளுக்கு அப்பால் பார்வையைச் செலுத்தி இறங்க வேண்டும். அடியில் முளைகள் கொண்ட ரப்பர்க் காலணி இன்றியமையாதது.

கெஸ்விக்கில் விருந்தினர் இல்லம் நடத்திய பாப் கிரஹாம், 1932இல் 24 மணி நேரத்திற்குள் 42 சிகரங்களைச் சுற்றி வந்தார். அணிந்திருந்தது டென்னிஸ் காலணி! வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்த ஜாஸ் நெய்லரோ, முதுகு நோயால் இராணுவப் பயிற்சிக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டவர். அவர் 1975இல் ஒரே நாளில் 72 சிகரங்களைக் கடந்தார். 2006இல், எழுபதாம் வயதில், 70 சிகரங்கள். 2024இல் மறைந்தார்.

இவர்களைப் போல் ஓட எண்ணுமுன் வானிலையை அறிந்துகொள்ளுங்கள். ஏரிக்கரையில் வெயில் காய்கையில் உச்சியில் மேகம் மூடும். வியர்வையில் நனைந்த உடலில் குளிர்காற்று பட்டால் உடல் வெப்பம் குன்றும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்து. ஆதலால் மழைச்சட்டை, குல்லா, கையுறை, வரைபடம், திசைகாட்டி, சிறிது உணவு, ஊதல் ஆகியவை உடனிருக்கட்டும். நிமிடத்திற்கு ஆறு முறை ஊதினால் உதவி கோருவதாகப் பொருள்.

போட்டிகளில் ஒரு விதி உண்டு. என் உள்ளத்தை மிகவும் தொட்டது அதுவே. இடையில் விலகுபவர், எவ்வளவு களைத்திருப்பினும், நடத்துநரிடம் வந்து அதனைத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காது வீடு சென்றுவிட்டால், ஊதியமின்றித் தொண்டாற்றும் மீட்புக் குழுவினர் அவரைத் தேடி இரவெல்லாம் மலையில் அலைய நேரிடும்.

ஆகவே மேகம் இறங்கக் கண்டால், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். படகுத்துறைக்கு வந்து சேர்ந்ததும், நீங்கள் இறங்கிவிட்ட செய்தியைத் தங்குமிடத்தாருக்குச் சொல்லிவிடுங்கள். மறுநாள் காலை மாடிப்படி இறங்குகையில் தொடைகள் வலிக்கும்; சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.