தீக்குச்சித் தேர்வு

பணிப்பெண்ணின் கை தவறுகிறது. பெட்டி கவிழ்கிறது. பல் குத்தும் குச்சிகள் சிற்றுண்டிச்சாலையின் தரையெங்கும் சிதறுகின்றன. அங்கே அமர்ந்திருப்பவன் ஒரே ஒரு பார்வை பார்க்கிறான், 246 என்கிறான். பெட்டியில் 250 அல்லவா இருக்கவேண்டும், ஏறத்தாழச் சரிதான் என்று அவனுடைய தம்பி கிளம்ப முற்படுகிறான். பணிப்பெண் பெட்டிக்குள் பார்க்கிறாள். நான்கு குச்சிகள் உள்ளேயே தங்கியிருக்கின்றன!

1988இல் அமெரிக்காவில் வெளிவந்து, சிறந்த படத்துக்கான பரிசு உட்பட நான்கு ஆஸ்கார் பரிசுகளை அள்ளிச் சென்ற ‘ரெயின் மேன்’ படத்தின் காட்சி இது. ஆட்டிசம் உள்ள ரேமண்டாக டஸ்டின் ஹாஃப்மன்; தம்பி சார்லியாக டாம் குரூஸ். கண்டவரெல்லாம் வியந்தனர். நானும் வியந்தேன். வியந்ததோடு நின்றிருந்தால், தோழர்களே, இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

1991ஆம் ஆண்டு, குடந்தையில் நண்பர் ஒருவர் இல்லத்தில் வீடியோ நாடாவில் அந்தப் படத்தைப் பார்த்தேன். என் தமக்கையின் மகனுக்கு அப்போது ஏழு வயது. அவன் பேச்சு பத்துச் சொற்களைத் தாண்டவில்லை. அழைத்தால் திரும்பமாட்டான், சுழலும் மின்விசிறியை மணிக்கணக்கில் பார்த்திருப்பான், குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கதறுவான். சென்னை மருத்துவர் ஒருவர் ‘ஆட்டிசம்’ என்ற சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பி ஆறு திங்கள் ஆகியிருந்தது.

படம் பார்த்த மறுநாள் காலை, புதுத் தீப்பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு தமக்கையின் வீட்டுக்குச் சென்றேன். கூடத்தில் அமர்ந்திருந்த சிறுவன்முன் குச்சிகளைக் கொட்டினேன்.

“எத்தனைடா கண்ணா?” என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. குச்சிகளைப் பார்த்தான். ஒவ்வொன்றாக எடுத்து, மருந்து தோய்ந்த தலைகள் ஒரே பக்கம் நோக்கும்படி, தரையிலே வரிசையாக அடுக்கினான். நான் வரிசையைக் கலைத்தேன், மீண்டும் கேட்டேன். மீண்டும் அடுக்கினான். மூன்றாம் முறை கலைத்தபோது வீறிட்டு அலறினான். சுவரில் தலையை மோதிக்கொண்டான்.

அடுக்களையிலிருந்து ஓடிவந்த அக்கா அவனை அணைத்துக்கொண்டார். தரையைப் பார்த்தார், என் கையில் இருந்த வெற்றுப் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் படத்தைப் பற்றி முதல்நாள் இரவே தொலைபேசியில் அவரிடம் அளந்தவன் நான்தானே!

“கணக்குச் சொன்னால்தான் இவனை மருமகன் என்று ஒத்துக்கொள்வாயா, தம்பி?” என்றார்.

நான் யார்? முன்வினைப் பயன் என்று முணுமுணுத்த அக்காவின் மாமியாரிடம் மூன்று மணிநேரம் வாதாடியவன்! தாயத்தைக் கழற்றச் சொன்னவன்! மேடையேறி அற்புதங்களை அலசி, அந்தரத்தில் தொங்கும் கதைகளைத் தரைக்கு இறக்கியவன்! அந்த நான்தான், தங்கத் தட்டில் வந்த அற்புதத்தைத் தள்ளிவிட்டு, திரைச்சீலையில் வந்த அற்புதத்துக்குத் தீப்பெட்டி நீட்டினேன். ஒன்றைப் பறித்த இயற்கை மற்றொன்றைக் கொடுத்தே தீரும் என்று நம்பினேன். நடுவரில்லாத வழக்கிலே நட்ட ஈடு கேட்டேன். முன்வினைக் கணக்குக்கும் என் கணக்குக்கும் என்ன வேறுபாடு? பேரேடு வேறு, கணக்கு ஒன்றுதான்.

அதன் பிறகுதான் அந்தப் படத்தின் மூலத்தைத் தேடிப் படித்தேன். திரைக்கதை ஆசிரியர் பாரி மாரோ 1984இல் டெக்சாஸில் சந்தித்த கிம் பீக் என்பவரே ரேமண்டுக்கு வித்து. ஆயிரக்கணக்கான நூல்களின் உள்ளடக்கத்தை நினைவில் வைத்திருந்தவர் அவர். எந்தத் தேதிக்கும் கிழமை சொல்வார். சட்டைப் பொத்தானை மாட்டிக்கொள்ள மட்டும் தந்தையின் கை வேண்டும். அந்தக் கிம் பீக்குக்கு ஆட்டிசம் இல்லை! மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை அவருக்குப் பிறவியிலேயே இல்லை. திரைக்கு வரும் வழியில் அவர் ஆட்டிசம் உள்ள பாத்திரமாக மாறினார். அதைக் கண்ட உலகமோ, ஆட்டிசம் உள்ள ஒவ்வொரு பிள்ளையிடமும் கிம் பீக்கைத் தேடியது.

இத்தகைய திறனாளரை ‘சாவண்ட்’ என்கிறார்கள். அறிஞர் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். 1887இல் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் அதற்கு முன்னால் ‘முட்டாள்’ என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்தே பெயரிட்டார். வசையும் வாழ்த்தும் ஒரே மூச்சில்! ஆட்டிசம் உள்ளவரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு தனித்திறன் உண்டு என்பது நெடுங்காலம் வழங்கிவந்த மதிப்பீடு. ரேமண்டைப் போல் மலைக்க வைப்பவர் உலகம் முழுவதிலும் நூறு பேர்கூட இருக்கமாட்டார் என்றார், வாழ்நாளெல்லாம் இதை ஆராய்ந்த டாரல்ட் டிரெஃபர்ட். அந்த நூறு பேருக்குள் ஒருவனாக இல்லாத குற்றத்துக்குத்தான் நான் ஏழு வயதுச் சிறுவனை அலறவிட்டேன்.

படத்தை முற்றிலும் பழிக்கமாட்டேன். அன்பில்லாத தாயின் குளிர்ந்த மடிதான் இதற்குக் காரணம் என்று அமெரிக்காவிலே படித்தவர்களே பேசிய காலம் ஒன்று இருந்தது. அதை 1964இல் தம் நூலால் மறுத்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. மறுத்த பின்னும், 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் தாய்மார்மீது அதே பழியைச் சுமத்திப் பெரிய நூல் எழுதினார். நம் மாமியார் ‘வினை’ என்றார். அங்குள்ள மேதை ‘தாய்’ என்றார். இரண்டு ஊரிலும் அழுதவள் பெற்றவளே! அந்த ரிம்லண்ட் ‘ரெயின் மேன்’ படத்துக்கு ஆலோசகராக இருந்தார். பெயர்கூடத் தெரியாதிருந்த ஒன்றை உலகம் அறிந்தது. அது சிறிய தொண்டன்று.

அதே படத்தில் இன்னொரு காட்சி உண்டு. தம்பி குளியல் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிடுகிறான். ரேமண்ட் அலறுகிறான், தலையில் அடித்துக்கொள்கிறான். கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு வெந்நீரால் தீங்கு நேர்ந்துவிடும் என்று அன்று அஞ்சிய அச்சம் அது. அதன் பொருட்டே அண்ணனை வீட்டைவிட்டு அகற்றினார்கள் என்பது அப்போதுதான் தம்பிக்குப் புரிகிறது. கணக்கில்லை, வித்தையில்லை, அன்பும் அச்சமும் பின்னிய ஓர் உள்ளம். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? 246 எல்லோருக்கும் நினைவிருக்கிறது! எனக்கும் அப்படியே. வீட்டில் குக்கர் விசிலுக்குக் கதறிய பிள்ளை இருக்க, நான் எடுத்துச் சென்றது தீப்பெட்டியை.

பின்வந்த படங்கள் பலவும் அந்தக் குச்சிகளையே பொறுக்கின. 1998இல் வந்த ‘மெர்குரி ரைசிங்’ படத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் அரசின் மறைகுறியை உடைக்கிறான். 2016இல் ‘தி அக்கவுண்டண்ட்’ படத்தில் கணக்கரே துப்பாக்கி வீரர். தமிழில் 2013இல் வந்த ‘ஹரிதாஸ்’ இவற்றைவிட நேர்மையானது. மாயக் கணக்கு இல்லை, தந்தையின் தவிப்பு இருக்கிறது. ஆனாலும் அங்கேயும் மகன் ஓடிக்காட்ட வேண்டியிருக்கிறது. ஓடாத மகனுக்கு யார் படம் எடுப்பார்?

கிம் பீக்கைப் பற்றிப் படித்ததில் ஒரு செய்தி எனக்குப் பிடித்தது. படம் வருவதற்கு முன் அவர் கூச்சம் மிகுந்தவர். தமக்குக் கிடைத்த ஆஸ்கார் சிலையைப் பாரி மாரோ அவருக்கே கொடுத்துவிட, அதைத் தூக்கிக்கொண்டு தந்தையுடன் ஊர் ஊராகச் சென்றார், மக்களைச் சந்தித்தார், கூச்சம் கலைந்தது. 2009இல் 58 வயதில் மறைந்தார். பார்க்க வந்தவர்கள் கேட்டதெல்லாம் கிழமையும் தேதியும்தான்.

என் மருமகன் நாற்பதைக் கடந்துவிட்டான். அண்மையில் ஒரு மாலை, படிப்பகத்து இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல பிள்ளை, நிறையப் படிப்பவர். திண்ணையில் அமர்ந்திருந்தவனைப் பரிவோடு பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

“ஐயா, இவருக்கு என்ன தனித்திறமை?”

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். “நாலரை மணிக்குத் தேநீர் குடிப்பான் தம்பி. உங்களுக்கும் ஒரு கோப்பை கொண்டுவரட்டுமா?”

இளைஞர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தேநீர் வந்தது. அவன் குடித்து முடித்து, வழக்கம்போல் கோப்பையைக் கவிழ்த்துத் திண்ணையின் ஓரத்தில் வைத்தான். சற்று நேரம் கழித்து இளைஞரும் தம் கோப்பையைக் கவிழ்த்து அதன் பக்கத்தில் வைத்தார். அவன் அதை எடுத்து, கைப்பிடிகள் இரண்டும் ஒரே பக்கம் நோக்கும்படி திருப்பி வைத்துவிட்டு, மீண்டும் தெருவைப் பார்க்கத் தொடங்கினான்.