கொர்பியேர் பாட்டிலும் ஒரு பழைய காகிதமும்

போன மாதம் சித்தப்பாவின் பேரன் பிரான்ஸிலிருந்து அஸ்தினாபுரம் வந்தான். "பெரியப்பா, உங்களுக்கு" என்று ஒரு பாட்டிலை நீட்டினான். என் மனைவியின் முகம் மாறியதைக் கண்டுகொள்ளாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தேன். கொர்பியேர். சிவப்பு ஒயின், அவர்கள் சொல்லும் 'வேன் ரூஜ்'. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதற்கு இந்த வயதில் மிச்சமிருக்கும் உபயோகம் இதுதான்.

கொர்பியேர் தெற்கு பிரான்ஸில் நார்போன் பக்கத்து மலைப் பிரதேசம். மத்தியதரைக் கடலை ஒட்டிய வறண்ட பூமி. கரிஞான், கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் போன்ற திராட்சைகளைக் கலந்துதான் அங்கே சிவப்பு ஒயின் செய்கிறார்கள். நம் சாம்பார்ப் பொடி மாதிரி. ஒன்று காரத்துக்கு, ஒன்று நிறத்துக்கு, ஒன்று வாசனைக்கு. முதல் உலகப் போரில் பிரெஞ்சுச் சிப்பாய்களுக்குத் தினப்படி ஒயின் உண்டு. அதில் பெரும்பகுதி இந்தத் தெற்குச் சீமைச் சரக்குதான்.

எங்கள் சித்தப்பாவும் சொல்தாதான். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. அண்ணன் தம்பி பேச்சு அதோடு நின்றது.

1974-ல் சித்தப்பா லீவில் வந்தபோது இதே கொர்பியேர் ஒன்றைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அப்பா திறக்கவே இல்லை. பரணில் கிடந்து புளித்துப் போனதை அம்மா கொல்லையில் கொட்டினாள்.

இந்த முறை அப்படி விட மனமில்லை. நம் ஊர் வெயிலில் ஒயின் வெந்நீராகிவிடும் என்று அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தோம். தக்கை திருகி வீட்டில் ஏது? ஒரு ஸ்க்ரூவை முறுக்கி இறக்கி, கட்டிங் பிளேயரால் பிடுங்கினான் பையன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம். திராட்சை ரசம் போல இனிக்கும் என்று நினைத்தேன். இல்லை. நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கைப் பிடித்தது. கூடவே ஏதோ காட்டுத்தழை வாசனை. மட்டன் குழம்போடு இரண்டாவது மடக்கு பரவாயில்லை.

"தாத்தாவோட அண்ணன் ஏன் எழுதிக் கொடுக்கல பெரியப்பா?" என்று கேட்டான்.

நான் எழுந்துபோய் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவர் இறந்த பிறகு எனக்குக் கிடைத்த காகிதம், ஒருவரிடமும் காட்டியதில்லை. அப்பாவின் அழகான பிரெஞ்சுக் கையெழுத்தில் விண்ணப்பம் முழுசாக எழுதியிருக்கிறது. தேதி உண்டு, எங்கள் எல்லோர் பெயரும் உண்டு. அடியில் கையொப்பம் மட்டும் இல்லை.

பையன் அதைச் சத்தமாகப் படித்தான். என் பெயர் வந்த இடத்தில் உச்சரிப்பு தடுமாறியது. திருத்தினேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.