அடுப்புக்கு ஞாயிறு எது?

பள்ளிக்கு ஞாயிறு விடுமுறை, பணிமனைக்கு விடுமுறை. அடுக்களைக்கு? அங்கு மட்டும் ஏழு நாளும் வேலைநாள்! உணவகச் சமையற்காரருக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு என 1958-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது; வீட்டில் சமைப்பவளுக்கு அதை வகுத்தவர் எவர்? மணமான முதல் வாரமே முடிவு செய்தோம், ஞாயிறன்று எங்கள் அடுப்பு எரியாதென்று.

தஞ்சையில் எதுவும் தொலைவில்லை. காலையில் உணவகத்தில் இட்டலி. பிறகு அரண்மனைக் கலைக்கூடம். திருவெண்காட்டு மண்ணுக்கடியிலிருந்து மீண்ட ரிஷபவாகனர் செப்புச்சிலை அங்கே நிற்கிறது. ஆண்டு 1011. காளை இன்று இல்லை. அதன்மேல் சாய்ந்த கை மட்டும் வெளியில் மிதக்கிறது. பாம்புகள் பின்னிய சடையைப் பாருங்கள்! மறு ஆண்டு வந்த துணைவியின் சிலையும் உண்டு. கும்பிடப் போகவில்லை, கண்டு களிக்கவே போகிறோம். வார்த்தெடுத்த கைகளை எண்ணி வியக்கிறோம். மாலையில் திரைப்படம். அது பல வாரங்களில் பணத்துக்குக் கேடு!

தெருப் பெரியவர் ஒருவர் வழிமறித்தார்: "வாத்தியார் வீட்டில் இன்றும் சமையல் இல்லையோ?"

"இல்லை ஐயா. உங்கள் வீட்டு அம்மாவுக்கு ஞாயிறு என்றைக்கு?"

பதில் வரவில்லை. அடுத்த வாரம் கலைக்கூடத்துக்கு அந்த அம்மையாரையும் அழைத்திருக்கிறோம். அன்று உலை வைப்பது யார் என்று அவ்வீட்டில் வழக்கு நடக்கிறதாம்.