பெயரோடு பகிருங்கள்

காலையில் கைப்பேசியைத் திறந்தால் குடும்பக் குழுவில் பொன்மொழிகள் வரிசைகட்டி நிற்கின்றன. பல அப்துல் கலாம் பெயரில், சில விவேகானந்தர் பெயரில், மற்றவை ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்பில். என் வயதுக்காரர்கள் இதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சலிப்பில்லை. அடுத்தவர் சொன்ன நல்லதைச் சேர்த்துவைத்து நாலு பேருக்குக் கொடுப்பது நம்மிடையே காலங்காலமாக மதிப்புள்ள வேலைதான். ஆனால் அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்களிடமே அதைப் பார்க்கலாம்.

அகநானூற்றை உருத்திரசன்மர் தொகுத்தார். குறுந்தொகையைப் பூரிக்கோ தொகுத்தார். பாட்டோடு பாடியவர் பெயரும் சேர்ந்தே நமக்கு வந்திருக்கிறது. சில பாட்டுகளுக்குப் புலவர் பெயர் கிடைக்கவில்லை. அங்கே பாட்டில் உள்ள ஓர் அழகான தொடரையே பெயராக்கிவிட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். ‘நல்ல பாட்டாக இருக்கிறதே, கபிலர் கணக்கில் எழுதிவிடுவோம்’ என்று யாரும் நினைக்கவில்லை.

புறத்திரட்டு இன்னும் பெரிய பாடம். பல நூல்களிலிருந்து பாடல்களைத் தேர்ந்தெடுத்துப் பொருள்வாரியாக அடுக்கிய தொகுப்பு அது. 1938-இல் எஸ். வையாபுரிப்பிள்ளை அதைப் பதிப்பித்தார். முத்தொள்ளாயிரம் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நாம் ரசிக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்கள் புறத்திரட்டு வழியாகவே பிழைத்தன. எந்தப் பாடல் எந்த நூலைச் சேர்ந்தது என்ற குறிப்பு இல்லாமல் போயிருந்தால், அவை திசைக்கொன்றாகக் கிடக்கும் வெண்பாக்கள். முத்தொள்ளாயிரம் ஒரு நூலாக எழுந்து நின்றிருக்காது. தொகுத்த அந்த மனிதரின் பெயர்தான் இன்றுவரை தெரியவில்லை.

இணையத்திலும் இந்த ஒழுங்கைக் காப்பவர்கள் இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழைதிருத்தி, இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பரப்பலாம். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: உழைத்தவர்களின் பெயர் இருக்கும் முகப்புப் பக்கத்தை நீக்காமல் கொடுங்கள்.

நாம் முதலில் வெட்டி எறிவது அந்தப் பகுதியைத்தான். கேட்டால், ‘கருத்துதானே முக்கியம், யார் சொன்னால் என்ன?’ என்கிறோம். சர்க்கரை நோய்க்கு ஒரு கஷாயம் என்று தகவல் வருகிறது. சொன்னது மருத்துவரா, கஷாயப் பொடி விற்பவரா என்று தெரிய வேண்டாமா? கவிதைக்கும் அப்படியே. ராத்திரி கண்விழித்து ஒரு பெண் எழுதியது, மறுவாரம் ‘யாரோ எழுதியது’ என்று அவள் வீட்டுக் குழுவுக்கே வந்து சேர்ந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமையை எழுதியவருக்கே வைத்திருக்கிறது.

2018-இல் வாட்ஸ்அப், கைமாறி வரும் செய்திகளுக்கு ‘ஃபார்வர்டு’ என்று அடையாளம் போடத் தொடங்கியது. பல கை மாறியதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று 2020-இல் கட்டுப்பாடும் வந்தது. கை மாறியதை இயந்திரம் சொல்லிவிடும். எழுதிய கை யாருடையது என்பதை மனுஷர்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளே, தாராளமாகச் சேர்த்துவையுங்கள், பகிருங்கள். எடுத்த புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், தெரிந்தால் ஆண்டு, இவற்றை அடியில் ஒரு வரியாகப் போடுங்கள். அடுத்தவர் வாசகத்தில் உங்கள் சொல்லை நுழைக்காதீர்கள். சொல்ல ஏதாவது இருந்தால் தனியாகக் கீழே எழுதுங்கள். உயிரோடு இருப்பவர் எழுதியதை முழுசாகப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெயர் தெரியவில்லையா? ‘எழுதியவர் தெரியவில்லை’ என்றே போடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இடம் காலியாக இருந்தால், பின்னால் வரும் ஒருவர் தேடிக் கண்டுபிடித்து நிரப்புவார். அங்கே கலாம் பெயரை ஒட்டிவிட்டால் அப்புறம் யாரும் தேட மாட்டார்கள்.