த்ரீ நாட் த்ரீ ஏன் உழைத்தது?

துப்பாக்கி பிடித்துப் பழகிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், கொஞ்ச நேரத்தில் “த்ரீ நாட் த்ரீ மாதிரி வருமா?” என்று கேட்டுவிடுவார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், பட்டாளத்திலிருந்து வந்து வங்கி வாசலில் காவல் நிற்பவர், கல்லூரியில் என்.சி.சி. நடத்தியவர் என எல்லோரும் இதில் ஒரே கட்சி. பழையது உழைக்கும், பின்னால் வந்த நகல் காலை வாரும் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அந்த உழைப்பு பழமையிலிருந்து வந்தது என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

என்.சி.சி.யில் எங்கள் கைக்கு வந்தது அந்த த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 லீ என்ஃபீல்டு. ஏறக்குறைய நாலு கிலோ. சுத்தம் செய்யும்போது, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டுகளைக் கழற்றித் தார்ப்பாயில் வரிசையாக வைப்போம். புல்த்ரூ கயிற்றில் துண்டுத் துணியைக் கோத்துக் குழலுக்குள் இழுப்போம். துணியில் கொஞ்சம் அழுக்கு மிச்சமிருந்தால்கூட ஹவில்தார் பொறுத்துக்கொள்வார். போல்ட் மாறினால் மட்டும் விடமாட்டார். போல்ட்டின் கைப்பிடி தொடங்கும் இடத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் வெட்டியிருக்கும். அதே எண் துப்பாக்கியின் உடலிலும் இருக்கும். இரண்டையும் ஒத்துப்பார்த்த பிறகுதான் செருக வேண்டும்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 0.074-ஐத் தாண்டக்கூடாது. குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு பின்பக்கம் இழுபட்டு அறுந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு போல்ட்டையும் தொழிற்சாலையிலேயே அதற்குரிய உடலோடு இழைத்துப் பொருத்தி, அளவுகோல் வைத்துப் பார்த்து, வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டாவைச் சுட்டுச் சோதித்த பிறகே எண் வெட்டினார்கள். சோதனையில் தேறாதது படைக்குப் போகவில்லை.

இதே துப்பாக்கியைப் பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் நடுவிலுள்ள தர்ரா ஆதம் கேல் ஊரில் பல தலைமுறைகளாக நகல் எடுக்கிறார்கள். அரமும் பட்டறைப் பிடியும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்வதைப் பார்த்தால் அந்தக் கைத்திறனுக்குக் கும்பிடு போடத் தோன்றும். மூலத்தின் முத்திரையைக்கூட விடாமல் வெட்டுவார்கள். ஆங்கிலம் தெரியாத கை என்பதால் சிலவற்றில் எழுத்து திரும்பி நிற்கும். சிலவற்றில் விக்டோரியா மகாராணியின் முத்திரையும், கீழே அவர் இறந்து பல வருடம் கழிந்த ஓர் ஆண்டும் இருக்கும். அவர் காலமானது 1901-ல். முத்திரையில் வந்த பிழையால் யாருக்கும் காயமில்லை. ஆபத்து உருக்கில் இருக்கிறது. கிடைத்த இரும்பில் செய்து, உள்ளூரில் அடைத்த வீரியம் குறைந்த தோட்டாவுக்குப் பழகிய துப்பாக்கியில் ராணுவத் தோட்டாவைப் போட்டால், சுடுபவன் முகத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

அப்படியானால் மூலம் என்றால் தங்கம், நகல் என்றால் பித்தளையா? அமெரிக்காவின் எம்1 கார்பைனைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் 60 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். செய்தவர்களில் ஐ.பி.எம். உண்டு, அண்டர்வுட் என்ற தட்டச்சுப் பொறிக் கம்பெனி உண்டு, காசு போட்டால் பாடும் பாட்டுப்பெட்டி செய்துகொண்டிருந்த ராக் ஓலாவும் உண்டு. துப்பாக்கித் தொழிலுக்கே புதியவர்கள். ஆனாலும் ஒருவர் செய்த பாகம் இன்னொருவர் துப்பாக்கியில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் விதி, அதைப் பார்க்க ஆய்வாளர்களும் இருந்தார்கள். போருக்குப் பிறகு தனியார் கம்பெனிகள் மிச்சப் பாகங்களை வைத்து அதே கார்பைனைக் கட்டி விற்றன. மிச்சம் தீர்ந்ததும் சிலர் செலவைக் குறைக்க, அடித்து உருவாக்கிய உடலுக்குப் பதில் வார்ப்பு உடலுக்குப் போனார்கள். வார்ப்பு என்பதாலேயே மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வார்ப்பும் உண்டு. ராணுவத்தின் ஆய்வாளர் அங்கே இல்லை என்பதுதான் என் குறை.

பழைய மூலமும் உடைந்திருக்கிறது என்பதை நம் கட்சிக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு அரசாங்க ஆலையிலேயே பிறந்தது. 1917-ல் அதில் சில, சுடும்போது சிதறின. கோளாறான தோட்டாவும் அதற்குத் துணைபோனது. ஆனால் ஆலைக்குள் தேடியபோது வேறொன்றும் தெரிந்தது. உலையில் உருக்கு பழுக்கும் நிறத்தைக் கண்ணால் பார்த்தே அனுபவசாலிகள் பதம் சொல்லி வந்திருக்கிறார்கள். வெப்பமானி வைத்துப் பார்த்தால், வெயில் நாளில் அவர்கள் ‘சரியான பதம்’ என்று சொன்னது மேகமூட்டமான நாளின் பதத்தைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதல்! வெளிச்சத்தில் நெருப்பின் சிவப்பு மங்கித் தெரிந்ததால் கூடுதலாகக் காய்ச்சிவிட்டார்கள். அந்த உருக்கு நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டது. வெப்பத்தை அளந்து, பதப்படுத்தும் முறையையும் 1918-ல் மாற்றினார்கள். அந்த ஆலையின் துப்பாக்கியில் எண் 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் சுடத் தயங்குவார்கள்.

பழையவை எல்லாம் நன்றாக உழைக்கின்றன என்று தோன்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடைந்தவை பழைய இரும்போடு போய்விட்டன. நம் கைக்கு வருபவை எல்லாச் சோதனையிலும் தப்பியவை.

நகல் எடுப்பதில் நான் மதிக்கும் வேலை ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் கையில் .303 இருந்தது. அதன் பிறகு வங்காளத்தில் உள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை அதே லீ என்ஃபீல்டு வடிவத்தில், புதிய 7.62 மி.மீ. தோட்டாவுக்கு 2ஏ, 2ஏ1 என்ற துப்பாக்கிகளைச் செய்தது. புதிய தோட்டாவின் அழுத்தம் கூடுதல். வெளியே பார்க்க அதே துப்பாக்கிதான். உள்ளே உருக்கை மாற்றினார்கள், அதைப் பதப்படுத்தும் முறையையும் மாற்றினார்கள். முதல் உலகப் போருக்கு முன்பிருந்தே அந்தத் துப்பாக்கியைச் செய்துவந்த ஆலை அது. அதன் உடல் எவ்வளவு தாங்கும், எங்கே தாங்காது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.