கெளிற்றைத் தேடி ஹுன்னஸ்கிரிய வழியே

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெரு, தெல்தெனியவைக் கடந்தபின் வளைந்து வளைந்து மலையேறி ஹுன்னஸ்கிரியவை அடைகின்றது. மடக்கிய கைவிரல்களின் மொளிகளைப் போன்ற சிகரங்களைக் கண்டு ஆங்கிலேயர் நக்கிள்ஸ் எனப் பெயரிட்ட மலைத்தொடர் இப்பக்கத்திலேயே உள்ளது. பாறைகளினூடே சலசலத்தோடும் நீரைக் கண்டதும் தூண்டிற்கார அன்பர் எவரும் வண்டியை நிறுத்தவே விழைவர். நாமும் நிறுத்தினோம்; ஆயின் தூண்டிலை எடுத்தோமில்லை.

நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாயிற்று. 2010இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்தது. அக்காட்டு ஓடைகள் கண்டு மகிழ்வதற்கே உரியன. மேலும், நாம் தேடிச் சென்ற கெளிற்றினங்கள் துள்ளியோடும் குளிர்நீரைப் பெரிதும் நாடுவனவல்ல. சேற்றடியும் மெல்லோட்டமும் மரவேர் நிழலுமே அவற்றுக்குப் பிரியம். ஆகவே வந்த வழியே தெல்தெனியப் பக்கம் இறங்கினோம். 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனியப் பட்டினம் நீருள் அமிழ்ந்தது. கடும் வரட்சியில் அதன் இடிபாடுகள் தலைகாட்டுவதுண்டு. நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்கவும் விதிகளுண்டாதலால், உரிய அலுவலரை முன்னரே விசாரித்தல் நன்று.

கெளிற்றினத்தைப் பிடிக்க விழைவோர்க்கு வேண்டியது வலிமையன்று, அடக்கம். இவற்றின் காற்றுப்பை சிற்றென்புகளால் உட்செவியோடு இணைந்திருப்பதால், கரையில் நாம் மிதிக்கும் அதிர்வையும் இவை உணரும். நம்முள் ஒருவர் கரையில் நின்று உரத்த குரலில் அரசியல் பேசியவண்ணமே இருந்தார். அவருடைய தக்கை கடைசிவரை அசையவேயில்லை! கண்ணைவிட மீசையையே இம்மீன்கள் நம்புகின்றன. மீசையால் சுவையறிந்து, கலங்கிய நீரிலும் இருளிலும் இரை தேடும். எனவே அந்திப்பொழுதே தக்க வேளை. மண்புழுவை அடியில் கிடக்கும்படி இடுதலே தக்க முறை. இரையை ஆழ விழுங்கும் இயல்பினவாதலால் தக்கை அமிழ்ந்ததும் தாமதியாது இழுத்தல் வேண்டும். தாமதித்தால் முள் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

அபாயம் பிடித்தபின்னரே. சுங்கான் என நம்மவரும், ஹுங்கா எனச் சிங்களவரும், தேளி எனத் தமிழகத்தாரும் கூறும் மீனின் மார்புச் செட்டை முட்களில் நஞ்சுண்டு. அஞ்சியபோது அம்முட்களை விறைப்பாக நிறுத்திக்கொள்ளும். ஆவலோடு பற்றும் சிறுவர் கைகளே பெரும்பாலும் குத்துப்படும். ஈரத்துணியால் மூடி, தலைக்குப் பின்னால் பிடித்து, குறட்டினால் தூண்டிலைக் கழற்றுக. குத்துப்பட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்திவைத்தல் நோவைத் தணிக்கும். ஆனால் தோல் வெந்துவிடலாகாது. முள் முறிந்து உள்ளே தங்கினாலும், வீக்கம் பரவினாலும் வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்கலாகாது.

சுங்கானுக்கு முதுகுத் தசையினூடே வாற்பக்கம் வரை நீளும் காற்றறைகள் இரண்டு உண்டு. நீருக்கு வெளியே நெடுநேரம் உயிர்தரிப்பது அவற்றாலேயே. அதனாற்றானோ என்னவோ, பலர் அதனைப் புல்லிலே துடிக்கவிட்டு வேடிக்கை பார்க்கின்றனர். நமக்கு அது பிடிக்கவில்லை.

சிங்களவர் மகுரா என்னும் மீனும் காற்றைச் சுவாசிப்பதே. இலங்கைக்கே உரிய மகுரா இனத்தை 1864இல் குந்தர் என்னும் அறிஞர் விவரித்தார். உலகில் வேறெந்த நாட்டிலும் அது இயற்கையாக வாழ்வதில்லை. நான்கு சோடி மீசையும் முதுகு நெடுகிலும் நீண்ட செட்டையும் கண்டால் மகுரா எனக் கொள்ளலாம். சுங்கானுக்கு மீசை அவ்வாறே இருப்பினும் முதுகுச் செட்டை மிகச் சிறிது. அன்று மாலை எமக்கு அகப்பட்டவை இரண்டு சுங்கான்களே. மழைக்காலம் முட்டையிடும் காலமாதலால், வயிறு பருத்திருந்த ஒன்றைக் கரையோர நாணலடியில் நீருக்குள் தாழ்த்திப் பிடித்தோம். சிறிது நேரம் அசையாதிருந்து, பின் வாலை ஒருமுறை வீசிச் சேற்றுள் மறைந்தது.