சல்வா எல்லையின் இருபுறமும்



எலவனாசூர்கோட்டையில் எங்கள் தெருவில், வளைகுடாவுக்கு ஒருவரையேனும் அனுப்பாத வீடு அரிது. எங்கள் வீட்டிலிருந்து இருவர் சென்றனர். மூத்தவர் சவூதியின் தமாமில் ட்ரெய்லர் ஓட்டினார். இளையவர் தோஹாவில் ஒரு பகாலாவில் கணக்குப் பார்த்தார். பாலும் தயிரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மூத்தவர் சல்வா எல்லையைக் கடந்து தோஹா செல்வார். மாதத்தில் ஓரிரு முறை சகோதரர் இருவரும் ஒன்றாக அமர்ந்து உண்டுவிட்டு எங்களை அழைப்பார்கள். ஊருக்கு வந்து திரும்புவோரிடம் அம்மா கொடுத்தனுப்பும் எலுமிச்சை ஊறுகாய் தமாமில் இறங்கும். அதில் பாதி ட்ரெய்லரில் ஏறி எல்லை தாண்டும்.

2017 ஜூன் 5. அங்கே பத்தாம் நோன்பு. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கு நாடுகளும் கத்தாருடனான தூதரக உறவைத் துண்டித்தன. தீவிரவாதிகளுக்குத் துணைபோகிறது, ஈரானோடு நெருங்குகிறது என்பன அவை சுமத்திய குற்றச்சாட்டுகள். கத்தார் அவற்றை மறுத்தது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புக் கூற எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் கத்தாருக்கு இருக்கும் ஒரே தரை எல்லை சவூதியோடுதான். அந்நாட்டின் உணவுப் பொருள்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு அந்த வழியாகவே வந்துகொண்டிருந்தது. ரமளானில் அதை அடைத்ததை இன்றும் எங்கள் மனம் ஏற்கவில்லை.

அன்று மாலையே பால் அடுக்குகள் காலியாகிவிட்டதாக இளையவர் கூறினார். சில நாள்களில் துருக்கியிலிருந்தும் ஈரானிலிருந்தும் சரக்கு வந்தது. ஓமானின் துறைமுகங்கள் வழியாகக் கப்பல்கள் திரும்பின. ஜூலையில் பலத்னா என்னும் கத்தார் நிறுவனம் கறவை மாடுகளை விமானத்தில் இறக்கத் தொடங்கியது. மாடு விமானம் ஏறியதைக் கேட்டு அம்மா சிரித்ததுபோல் அந்த ஆண்டு வேறெதற்கும் சிரிக்கவில்லை.

ஏனெனில் மூத்தவரின் ட்ரெய்லர் நின்றுவிட்டது. நடைக்கு இவ்வளவு என்று கிடைத்த படி போயிற்று. அடிப்படைச் சம்பளம் மட்டுமே எஞ்சியது. தங்கையின் நிக்காஹ்வைத் தள்ளிவைத்தோம்.

அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. தோஹாவில் வாகனங்களிலும் சுவர்களிலும் அமீர் தமீமின் கோட்டோவியம் நிறைந்திருந்த நாள்கள் அவை. இளையவரும் அதையே தம் கைப்பேசியில் முகப்புப் படமாக வைத்தார். மூத்தவரை அழைத்து, "உங்க நாடு செஞ்சது அநியாயம் இல்லையா, அண்ணே?" என்று கேட்டார். மூத்தவர், "அந்தப் பேச்செல்லாம் வேணாம்" என்று இணைப்பைத் துண்டித்தார். மறுமுறை எடுக்கவே இல்லை. அண்ணன் முதலாளியின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று இளையவர் எண்ணினார். யாரோ இரு அரசர்களுக்காக, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எட்டு மாதங்கள் பேசாதிருந்தனர்.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாள்களுக்கு மேல் பேச்சை முறித்துக்கொள்வது ஆகாது என்னும் நபிமொழியை அம்மா ஒவ்வொரு வெள்ளியும் இருவருக்கும் நினைவூட்டினார். இருவரும் "சரிம்மா" என்றார்கள்; அவ்வளவுதான்.

2018 தொடக்கத்தில் வேலையை விட்டு மூத்தவர் ஊர் வந்தார். இரவு உணவின்போது அம்மா நேராகவே கேட்டுவிட்டார். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கத்தாருக்கு அனுதாபம் காட்டினால் 15 ஆண்டுகள் வரை சிறை என்று பக்கத்து அமீரகத்தில் அறிவித்திருந்ததை அறையில் எல்லாரும் பேசிக்கொண்டதாகவும், தொலைபேசியை யார் கேட்கிறார்களோ என்று நடுங்கியதாகவும் கூறினார். அதைத் தம்பியிடம் சொல்வதற்கும் அதே தொலைபேசிதானே இருந்தது!

அந்த இரவே தோஹாவுக்கு அழைத்தோம். செய்தியைக் கேட்ட இளையவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றார்.

ஆட்சியாளர்களுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. சமரசத்துக்காக உழைத்த குவைத் அமீர் ஷேக் ஸபாஹ் 2020 செப்டம்பரில் மறைந்தார். உடன்பாட்டைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 2021 ஜனவரி 5 அன்று அல்உலா நகரில் அமீர் தமீமைச் சவூதி பட்டத்து இளவரசர் கட்டித் தழுவி வரவேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சல்வா திறந்தது.

அப்போது மூத்தவர் உள்ளூரில் டாட்டா ஏஸ் ஒன்றில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தார். சில வாரங்கள் கழித்துத் தம்பியிடம், "நாங்க கொண்டுவந்த பாலு மறுபடி கடைக்கு வந்துருச்சா?" என்று விசாரித்தார்.

"எங்க கடையில அந்த அடுக்குல இப்ப பலத்னா பாலு இருக்குண்ணே" என்றார் இளையவர்.